ஏலக்காய் ஸ்டோரில் சிமெண்டு

என் வீட்டுக்காரரைப் பற்றிப் போடிநாயக்கனூரில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். சொல்கிறவர்கள் யாரும் அவரோடு குடித்தனம் நடத்தவில்லை. லிங்கேஸ்வரன் என்றால் ஊருக்குக் கட்டடக்காரர்கள் சங்கத் தலைவர், பாதி ஊருக்கு வீடு கட்டிக் கொடுத்தவர், நாலு பேருக்கு நல்லது நினைக்கிறவர். எனக்கு அவர், முப்பத்தோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தங்காத மனுஷர்.

மற்ற ஆறு நாளும் ஊருக்கு. அவருக்கு ஒரு கொள்கை உண்டு: வீடு என்பது கேட்டோடு முடிவதில்லை. புதுவீட்டுச் சாவியைக் கொடுக்கும் முன்னால், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் வாறுகாலைத் தன் ஆட்களை விட்டுத் தோண்டிச் சுத்தம் பண்ணிவிடுவார். என் வாசல் மட்டும் போதுமே என்று வீட்டுக்குரியவர் இழுத்தால், தண்ணி உங்க கதவு நம்பரைப் பார்த்து நிக்குமா என்று கேட்பார். மழைக்கு ரோட்டில் பள்ளம் விழுந்தால் நகராட்சியில் மனுக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பார். எட்டாம் நாள் எங்கள் சைட்டு ஜல்லி டிராக்டரில் ஏறிப்போய்ப் பள்ளத்தில் விழுந்திருக்கும். யாரைக் கேட்டுக் கொட்டினாய் என்று அங்கே திட்டுவார்கள். வாங்கிக்கொண்டு சிரித்த முகமாக வீட்டுக்கு வருவார். கவுன்சிலருக்கு நில்லுங்கள் என்று ஆள் வந்தால், ஜெயித்துவிட்டால் அப்புறம் மனு வாங்கத்தானே முடியும், கொடுக்க முடியாதே என்று காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார். அந்தக் காப்பியைப் போடுகிறவள் நான்.

ஏழாம் நாள் மலைக்கு. விடியற்காலையில் எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டு குரங்கணி வரைக்கும் ஜீப்பில் போவார். அங்கிருந்து அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு நடை. காப்பித் தோட்டம், ஏலத்தோட்டம், அதற்கும் மேலே புல்மேடு, பாறை என்று போய்க்கொண்டே இருப்பார். சங்கத்தின் ஆண்டு விழாவில் இதைப் பற்றி ஒரு தடவை பேசவும் செய்தார். கட்டடம் கட்டுகிறவன் வாரத்தில் ஒருநாளாவது தான் கட்டாத ஒன்றின் மேல் ஏறி நிற்க வேண்டும், அப்போதுதான் தலைக்கனம் இறங்கும் என்றார். மலையில் என்னை முதலாளி என்று கூப்பிட யாரும் இல்லை, அங்கே மூச்சு வாங்கினால் எல்லோரும் ஒன்றுதான் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று கேளுங்கள். அத்தனை வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீயும் வர்றியா என்று என்னைக் கேட்டதில்லை. நான் யார்? அந்த மலையிலேயே பிறந்தவள். என் அப்பா வீரையா ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் ஸ்டோர் பார்த்தவர். பச்சைக்காயை விறகுச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்றுதான் பேர். பதினெட்டு வயது வரைக்கும் ஸ்டோருக்குப் பக்கத்து அறையில்தான் படுத்து எழுந்தேன். அப்புறம்தான் நாங்கள் ராசிங்காபுரத்துக்கு இறங்கி வந்தது, எனக்குக் கல்யாணம் ஆனது எல்லாம். இவ்வளவும் தெரிந்த மனுஷர் கேட்கவில்லை. கூட்டிக்கொண்டு போங்கள் என்று நானும் கேட்கவில்லை. நான் ஏன் கேட்க வேண்டும்?

போன வருஷம் மாசியில் அவருக்கு நெஞ்சு வலி வந்து மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். நடக்கலாம், மெதுவாக ஏறலாம், ஓடக்கூடாது, சுமை தூக்கக்கூடாது, எங்கேயும் தனியாகப் போகவே கூடாது என்றார் டாக்டர். நான் அதை இன்னும் கொஞ்சம் கூட்டி, மலையே கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தபடி என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்தார். எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இந்த மனுஷரை இனிமேல் முழுசாக வைத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்து வேலை என்று போக ஆரம்பித்தார். நானும் நம்பினேன். இந்தப் புரட்டாசியில் ஒரு ஞாயிறு சாயங்காலம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன், ஏலக்காய் வாசம் அடித்தது. போடியில் ஏலக்காய் வாசம் இல்லாத சட்டை ஏது என்று நீங்கள் கேட்கலாம். போடிக்கு ஏலம் விட வரும் காயின் வாசம் வேறு, அது காய்ந்து இனித்துக் கிடக்கும். ஸ்டோருக்குள் சூட்டில் கிடக்கும் பச்சைக்காயின் வாசத்தில் ஈரமும் புகையும் சேர்ந்திருக்கும். நான் அதில் வளர்ந்தவள். சட்டையை வாளிக்குள் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சத்தியம் பண்ணிய மனுஷர் மலைக்குப் போய் வந்திருக்கிறார்.

கேட்டால் மழுப்புவார் என்று வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை காலையில், மதுரையில் சோலி இருக்கிறது, வர ரெண்டு நாள் ஆகும் என்று பையைத் தூக்கினார். போய்ட்டு வாங்க என்றேன். அவர் தெரு திரும்பியதும் நான் நேரே எங்கள் கோடவுனுக்குப் போனேன். அங்கே மொக்கையன் தார்ப்பாயை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான். எங்களிடம் இருபது வருஷமாக சென்ட்ரிங் மேஸ்திரி. பொய் சொல்லத் தெரியாதவன், பொய் சொல்ல வேண்டிய நேரத்தில் காதைச் சொறிவான். தார்ப்பாய் எங்கே போகிறது என்று கேட்டேன். காதைச் சொறிந்தான். நான் ஒரு சாக்கை விரித்து அவன் எதிரில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

குரங்கணிக்கு மேலே மூன்று மணி நேர ஏற்றத்தில் நாவலூத்து என்று முப்பது வீடு உள்ள ஊர். வீடுகளுக்கும் ஏலத்தோட்டத்துக்கும் நடுவில் ஒரு ஓடை. ஓடையைத் தாண்ட ரெண்டு மரக்கட்டையைப் போட்டிருந்தார்கள். காய் எடுக்கும் பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அதன்மேல்தான் நடப்பார்கள். இவருக்கு நெஞ்சு வலி வருவதற்கு முந்தின ஐப்பசி மழையில் கட்டை உருண்டு, கற்பகம் என்கிற பெண் விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. கம்பில் போர்வையைக் கட்டி அவளைக் கீழே தூக்கிவந்த ஆட்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். அன்றைக்கே அந்த ஊர்க்காரர்களிடம், பாலம் நான் கட்டித் தர்றேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். பாலத்துக்கு வனத்துறை அனுமதி கிடைக்க ஒன்றரை வருஷம் ஆனது. அதற்குள் நெஞ்சு வலி வந்தது, என்னிடம் சத்தியமும் பண்ணியாகிவிட்டது.

"அண்ணே ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டாரு மதினி," என்றான் மொக்கையன். "ஒங்ககிட்டச் சொன்னா விடமாட்டீங்க. அங்க போகாட்டி அந்தப் பொம்பளைங்க முகத்துல முழிக்க முடியாது."

வியாழக்கிழமை காலையில் பாலத்துக்குக் கான்கிரீட்டு. கம்பி கட்டியாகிவிட்டது, பலகை அடித்தாகிவிட்டது, ஆட்கள் மேலே போய்விட்டார்கள். மழை ரெண்டு மூன்று நாளில் பிடித்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கான்கிரீட்டு இறுகிவிட்டால் ஓடையில் தண்ணி ஏறினாலும் கவலை இல்லை, பலகையைத் தாங்கும் முட்டெல்லாம் ஓடைக்குள் ஊன்றாமல் கரையிலிருந்து சாய்த்துக் கொடுத்ததுதான். வெறும் கம்பியும் பலகையுமாக நின்றால், மேலேயிருந்து அடித்து வரும் மரம் ஒன்று மோதினால் போதும், எல்லாம் போய்விடும். அப்புறம் தை வரைக்கும் வேலையை நினைக்க முடியாது. அதுவரை அந்தப் பெண்கள் கட்டைமேல்தான் நடக்க வேண்டும்.

கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், சிமெண்டு எப்படிக் கொண்டு போனீர்கள் என்று கேட்டேன். கோடவுன் ரிஜிஸ்தரைப் பார்க்கிறவள் நான், எனக்குத் தெரியாமல் ஒரு மூட்டை வெளியே போகாது. வேறு கடையில் வாங்கி, ஒரு மாசத்துக்கு முன்னாலேயே குதிரையில் ஏற்றிவிட்டார்களாம். மலை ஈரத்தில் எங்கே வைத்தீர்கள் என்றேன். மொக்கையன் முகத்தில் ஒரு பெருமை வந்தது.

"அதுக்கு அண்ணே ஒரு ரோசனை பண்ணுனாரு பாருங்க. மலையிலேயே நல்லாக் காஞ்ச எடம் எதுன்னு யோசிச்சு, குருவம்மா அக்காவோட ஏலக்காய் ஸ்டோர்ல அடுக்கச் சொல்லிட்டாரு. எந்நேரமும் தீ எரியுது, சும்மா கமகமன்னு இருக்கு மதினி."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. ஸ்டோர் காய்ந்த இடம்தான், காய் காய்ந்து முடிந்த பிறகு. பச்சைக்காயைத் தட்டில் பரப்பித் தீ மூட்டினால் முதல் நாள் பூராவும் அத்தனை காயும் தண்ணியைக் கக்கும். ஆவி கூரையில் முட்டிச் சொட்டும். சன்னலைத் திறந்துவிட அப்பாவுக்கு ஒரு நிமிஷம் தப்பினால் உள்ளே நின்றவன் குளித்த மாதிரி வெளியே வருவான். இட்லிச் சட்டிக்குள் யாராவது சிமெண்டு மூட்டையை வைப்பார்களா? இதுவோ காய் எடுப்பு நடக்கிற மாசம், ஒருநாள்கூட அடுப்பு அணைந்திருக்காது. அந்த மூட்டையெல்லாம் இந்நேரம் கல்லாகியிருக்கும். கட்டடத் தொழிலில் கரை கண்டவர், வீட்டில் ஸ்டோர்க்காரர் மகளை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் அடுத்தது உறைத்தது. காலையில் அவர்தான் முதல் மூட்டையைப் பிரிப்பார். பிரித்துப் பார்த்ததும் ஆளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற பிறவியா அது? தானே இறங்கி ஓடுவார், சிமெண்டைப் பிடித்து, சாயங்காலத்துக்குள் மழைக்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்று தானே திரும்ப ஏறுவார். அந்த நெஞ்சு தாங்காது. போன் போட்டேன், மேலே டவர் இல்லை. மொக்கையனை எழுப்பி, பன்னிரண்டு மூட்டை புதுச் சிமெண்டை ஜீப்பில் ஏற்றச் சொன்னேன். யாரை மேலே அனுப்புவது மதினி என்று கேட்டான். நானே போறேன் என்றேன்.

குரங்கணியில் குதிரை வைத்திருப்பவர் சோணை. மலை ஊர்களுக்கு அரிசி, பருப்பு, கேஸ் சிலிண்டர் எல்லாம் அவர் குதிரையில்தான் ஏறும், காப்பியும் ஏலமும் அதில்தான் இறங்கும். நாங்கள் போனபோது சாயங்காலம் ஆகிவிட்டது. நாளைக்கு எஸ்டேட்டு லோடுக்கு வாக்குக் கொடுத்தாச்சு, குதிரை கிடையாது என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டு, புல்லுக்கட்டைப் பிரிக்கப் போய்விட்டார். நானும் அவர் பின்னாலேயே போனேன். அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் நின்று பேசினேன். நாவலூத்துப் பாலத்துக்கு என்றேன், மசியவில்லை. மழை வரப்போகிறது என்றேன், வானத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். கடைசியில் அவர் கையிலிருந்த புல்லைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கிறது அண்ணே, இந்தச் சிமெண்டு மேலே போகாவிட்டால் அந்த மனுஷர் சிமெண்டுக்கு ஓடி வருவார், எனக்கு வேண்டியது பாலம் இல்லை என்று சொல்லிவிட்டேன். சோணை புல்லைக் கீழே போட்டார். விடிஞ்சதும் கெளம்புவோம் ஆத்தா, எஸ்டேட்டுக்காரன் ஒருநாள் பொறுப்பான் என்றார்.

ராத்திரி மொக்கையனின் சித்தி வீட்டில் தங்கினோம். விடிந்ததும் ஏழு குதிரையோடு கிளம்பினோம். ஆறு குதிரையில் குதிரைக்கு ரெண்டு மூட்டை, ஏழாவதில் தார்ப்பாயும் சாக்கும். ஏற ஆரம்பித்த அரை மணியில் எனக்கு முட்டி ரெண்டும் பேச ஆரம்பித்துவிட்டது. ஐம்பத்து நாலு வயது, எடையைச் சொல்ல மாட்டேன். ரெண்டு அட்டை கணுக்காலில் ஏறி உட்கார்ந்து விருந்து சாப்பிட்டது. ஆனாலும் எங்கே கால் வைத்தால் வழுக்கும், எங்கே வழுக்காது என்று காலுக்கே தெரிந்திருந்தது, அது எனக்கே ஆச்சரியம். மொக்கையன் ரெண்டு தடவை வழுக்கி விழுந்தான். நான் விழவில்லை.

ரெண்டு மணி நேரம் ஏறியிருப்போம். மேலே வளைவில் ஒரு ஆள் இறங்கி வருவது தெரிந்தது. நடந்து வரவில்லை, ஓட்டமும் தாவலுமாக வந்தார். திடீரென்று நின்று ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கத்திக் கூப்பிடக்கூடப் பயமாக இருந்தது. பதறித் திரும்பினால் தடுமாறி விழுந்துவிடுவாரோ என்று வாயைப் பொத்திக்கொண்டு வேகமாக ஏறினேன்.

அவர் நிமிர்ந்தபோது முதலில் குதிரையைப் பார்த்தார். அப்புறம் குதிரை முதுகில் மூட்டையைப் பார்த்தார். கடைசியாகத்தான் என்னைப் பார்த்தார்.

"சிமெண்டா?" என்றார்.

முப்பத்தோரு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவள் முட்டி தேய மலையேறி வந்து நிற்கிறேன், அந்த வாயில் வந்த முதல் வார்த்தை அது.

"ஆமா, சிமெண்டுதான். ஒங்க பொண்டாட்டியும் வந்திருக்கா. அவளையும் ஒரு மூட்டையா எழுதிக்கங்க."

அவரைப் பிடித்து வழியோரத்துக் கல்லில் உட்கார வைத்தேன். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், துடிப்பு தறிகெட்டு ஓடியது. தண்ணி கொடுத்தேன். பையிலிருந்த மாத்திரையைக் கொடுத்தேன். அவர் ஏதோ சொல்ல வந்தார், மதுரை என்று ஆரம்பித்தார். பேசாமல் மூச்சு விடுங்கள் என்றேன். துடிப்பு மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. அதுவரை நான் கையை விடவில்லை.

"செத்துகித்துப் போயிருவீங்களோன்னு பயந்துட்டேங்க," என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தப்புத்தான் மகாராணி என்றார். மகாராணி என்பது நான்தான், பேர் அப்படி. எல்லா மூட்டையும் கட்டி தட்டிப் போய்விட்டது, எப்படி என்றே புரியவில்லை என்றார். எப்படி என்று நான் சொன்னேன். காய் கக்கும் தண்ணியைப் பற்றியும், கூரையில் சொட்டும் ஆவியைப் பற்றியும் சொல்லச் சொல்ல, அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புது எஞ்சினியர் ஒருவரைப் பார்க்கிற பார்வை அது.

மேலே நடக்கிறேன் என்று எழுந்தார். ஓர் அடிகூடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சோணை ஏழாவது குதிரையின் தார்ப்பாயை இறக்கி மொக்கையன் தலையில் வைத்துவிட்டு, அதன் முதுகில் இவரை ஏற்றினார். கட்டடக்காரர்கள் சங்கத் தலைவர் சாக்குமேல் உட்கார்ந்து, மாப்பிள்ளை அழைப்புக்கு வருகிறவர் மாதிரி நாவலூத்துக்குள் நுழைந்தார். கொத்தனார்கள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், காது சிவந்திருந்தது.

ஸ்டோருக்கு முன்னால் பிரித்த மூட்டைகள் கிடந்தன. கையால் தொட்டேன், கல். மூக்கில் வைத்துப் பார்த்தேன், பாயசத்துக்குப் போடலாம் போல வாசம். ஸ்டோர்க்காரி குருவம்மாள் முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றாள், என் வயதுதான் இருக்கும். உனக்குத் தெரியாதா, ஸ்டோருக்குள் இதை வைக்கலாமா என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும் ஆத்தா. எங்க எல்லாருக்கும் தெரியும். மொதலாளி சொல்றாரு, அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு பேசாம இருந்துட்டோம்."

என் வீட்டுக்காரர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அங்கேயே ஒரு கட்டிச் சிமெண்டின் மேல் உட்கார்ந்தார். இங்கேயும் நான் முதலாளிதானா என்றார், யாரையும் பார்க்காமல். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஊருக்கு நல்லது செய்கிறவர் அந்த ஊரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் குருவம்மாள் சொல்லியிருப்பாள், வீட்டில் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்றேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார். அப்புறம் குருவம்மாளைக் கூப்பிட்டு, மழை எத்தனை மணிக்கு இறங்கும், எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டார். அவள் மேற்கே பார்த்துவிட்டு, நாலு மணிக்குள்ள முடிச்சிருங்க என்றாள். அவள் சொன்னபடியே தார்ப்பாயைக் கட்டச் சொன்னார்.

கான்கிரீட்டு என்பது ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாத வேலை. பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒட்டாது, பின்னால் அங்கேதான் விரிசல் விடும். பத்தரை மணிக்குக் கலவை போட ஆரம்பித்தார்கள். ஆள் போதவில்லை. காய் எடுக்கப் போன பெண்கள் கூடையை வைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். கற்பகம் லேசாக நொண்டிக்கொண்டே வந்து கலவைச் சட்டியை வாங்கினாள். நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளுக்கு அடுத்து நின்றேன். அவரை எதிர்க்கரைப் பாறையில் உட்காரவைத்து, வாய் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும், கை கால் அசையக் கூடாது என்று சொல்லியிருந்தேன். ரெண்டு தடவை எழுந்தார். ரெண்டு தடவையும் வரிசையில் நின்ற பெண்கள் மொத்தமாக உட்காருங்க என்று அதட்டினார்கள். அப்புறம் எழவில்லை.

கடைசிச் சட்டி விழுந்து மட்டப்பலகை ஓடி முடிந்தபோது நாலு மணிக்குக் கொஞ்சம் இருந்தது. தார்ப்பாயின் கடைசிக் கயிற்றை மொக்கையன் கட்டும்போது மழை இறங்கியது, குருவம்மாள் சொன்ன அதே பக்கத்திலிருந்து. எல்லோரும் ஸ்டோருக்குள் ஓடினோம். ஓடை நுரைத்துக்கொண்டு ஏறியது. அந்த ரெண்டு பழைய கட்டையையும் அடித்துக்கொண்டு போனதைச் சன்னல் வழியாகப் பார்த்தோம். பாலத்தைத் தொடவில்லை. கற்பகம் என் தோளில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்குக் கீழே இறங்க முடியாது. குருவம்மாள் தன் வீட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். சாப்பிட்டுவிட்டு நாங்கள் ரெண்டு பேரும் அடுப்புப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. பொய் சொல்லி வந்ததைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். அதெல்லாம் வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட என்னை ஏன் கூப்பிடவில்லை என்பதுதான் வாயில் வந்தது.

அவர் ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டார்.

"கல்யாணமான புதுசுல மொட்டை மாடியில நின்னு ஒனக்கு மலையைக் காட்டினேன். ஞாயித்துக்கெழமை போவமான்னு கேக்கத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீ, அட்டைக்கடியும் பனியும் பதினெட்டு வருசம் பட்டது போதும், செத்தாலும் இனி அந்த மலை ஏறமாட்டேன்னு சொன்ன."

எனக்குச் சுத்தமாக நினைவில்லை. இருபத்து மூன்று வயதில் எதையோ சொல்லியிருப்பேன். புதுப்பெண் நாக்கு, எதைச் சொன்னால் டவுன்காரியாகத் தெரியும் என்று சொல்லியிருக்கும்.

"நான் சொன்னது எத்தனையோ," என்றேன். "ஈரத் துண்ட மெத்தையில போடாதீங்கன்னு சொல்லியிருக்கேன். வாறுகால்ல நின்ன காலோட அடுப்படிக்கு வராதீங்கன்னு சொல்லியிருக்கேன். எதையாவது கேட்டீங்களா? இத ஒண்ணை மட்டும் முப்பத்தோரு வருசம் காதுல வாங்கி வச்சிருக்கீங்க."

அவர் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு மகாராணி. நான் கேட்டு, நீ வரலைன்னு சொல்லிட்டா, அப்புறம் எனக்குத் தனியாப் போக மனசு வராது. போகாம இருக்கவும் முடியாது. அதான் கேக்காமயே போயிட்டிருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லிச் சமாளிக்கலாம், சமாளிக்கவில்லை, நன்றாகவே அழுதேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்தக் காலுறையை அடித்துத் துவைத்திருப்பேன், எத்தனை திட்டு திட்டியிருப்பேன். அவர் பயந்துபோய் என் கையைப் பிடித்தார். நான் மூக்கைச் சிந்திவிட்டு, இப்போது கேளுங்கள் என்றேன். எதை என்றார். அதைத்தான் என்றேன்.

சங்கத்தில் பேசப் போகிறவர் மாதிரித் தொண்டையைச் செருமினார். காலையில் மேலே பாறை வரைக்கும் போகலாம் என்று இருக்கிறேன், மெதுவாகத்தான், ஒரு மணி நேரம்தான், நீயும் வர்றியா என்று கேட்டார். காதில் சரியாக விழவில்லை என்றேன். இன்னொரு தடவை கேட்டார். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த குருவம்மாள் சிரித்தது கேட்டது. மூன்றாவது தடவையும் கேட்க வைத்தேன்.

வர்றேன் என்று சொல்லிக்கொண்டே எழுந்திருக்கப் பார்த்தேன். எழ முடியவில்லை. வலது முட்டி வீங்கிப்போய்க் காலை நீட்டவும் வரவில்லை, மடக்கவும் வரவில்லை. மூன்று மணி நேர ஏற்றமும் அத்தனை சட்டியும் சேர்ந்து அப்போதுதான் தன் வேலையைக் காட்டியது. நாளைக்கு முடியாதுங்க, நீங்க மொக்கையனைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க என்றேன். மனசாரத்தான் சொன்னேன். இத்தனை பாடுபட்ட மனுஷர் ஒருநாள் ஏறிப் பார்த்துவிட்டு வரட்டுமே என்றுதான் இருந்தது. அவர் சரி என்றார். ஷூவை எடுத்து வாசலில் வைத்துவிட்டுப் படுத்தார்.

காலையில் நான் கண் விழித்தபோது ஏழரை மணி இருக்கும். மழை விட்டிருந்தது. வாசல் வழியாகப் பார்த்தால் மேலே பாறை வரைக்கும் மலை கழுவிவிட்ட மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. இப்படி ஒரு காலைக்காகத்தான் அவர் அத்தனை வருஷம் விடியுமுன் எழுந்து போனார். ஓடைப்பக்கம் மொக்கையன் பாலத்தின் மேல் சாக்கைப் பரப்பித் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் இங்கே இருந்தால் இவர் தனியாகப் போய்விட்டாரா என்று திக்கென்றது.

திரும்பிப் பார்த்தேன். அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குருவம்மாளிடம் வாங்கிய நல்லெண்ணெயைக் கரண்டியில் சுட வைத்துக்கொண்டிருந்தார். விரலால் சூடு பார்த்தார். கரண்டியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"போகலையா?" என்று கேட்டேன்.

"நீ வரலையே," என்றார்.